சத்தம் வந்தால் ஃபைன்

முதலில் மன்னிப்பு. இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பத்திரிகை ஆபீஸில் நான் வாராவாரம் எழுதி அனுப்பும் தாள்களை டைப் அடிக்கும் தங்கச்சி போன் செய்து, "அண்ணா, மூணாம் பக்கம் நாலாவது வரி... அது என்னண்ணா எழுத்து?" என்று கேட்கும். எனக்கே தெரியாது. பிழை இருந்தால் என்னுடையது. சரியாக இருந்தால் அந்தத் தங்கச்சியுடையது.

விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரம் ஆட்டத்தில் என் மனைவி மஞ்சுளாவை ஜெயித்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு மண்டைக் குடைச்சல். ஏனென்றால் நான் ஜெயிக்கவில்லை... அவள் ஜெயிக்க விட்டாள்.

என் கேரம் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் ஒரு ஷெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பத்துப் பதினைந்து ஆம்பளைகள் கூடுவோம். எல்லோரும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கல்யாண வீட்டில்கூட மூலையில் ஒரு சேர் பார்த்து உட்காருகிற ஆள். கேரமில் அந்தத் தொல்லை இல்லை. விரல் பேசினால் போதும்.

என் விரல் கொஞ்சம் சத்தமாகவே பேசும். ஷெட்டில் எனக்குப் பட்டப் பெயர் 'டமார் அண்ணன்'. முதல் அடியில் காய்கள் நாலு பக்கமும் சிதறி ஓட வேண்டும். அது என் பாணி. நேரில் ஒருத்தரிடமும் குரல் உயர்த்தாதவன், அந்தப் பலகையில் மட்டும் இடி இடிப்பேன். ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை.

மழைக்கு ஷெட்டின் தகரம் ஒழுக ஆரம்பித்தது. போர்டு ஊறிவிடும் என்று, "நீங்க ஒழுங்கா பாத்துப்பீங்க" என்று சொல்லி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு மழை விடவில்லை. வீட்டில் நானும் மஞ்சுளாவும்தான். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"ஒரு ஆட்டம் ஆடலாமா? நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

"எனக்கு என்னாங்க தெரியும்?" என்றாள். ஆனால் உட்கார்ந்தாள்.

பவுடரை எடுத்தாள். இரண்டே விரலால் ஒரு சிட்டிகை. புறங்கையால் வட்டமாகத் தேய்த்தாள். ஸ்ட்ரைக்கரை இரண்டு கோட்டிலும் சரியாகத் தொடுகிற மாதிரி வைத்தாள். அப்போதே எனக்கு லேசாக ஒரு சந்தேகம். முதன்முதலாக ஆடுகிறவர்கள் பவுடரைப் பஜ்ஜி மாவு மாதிரி கொட்டுவார்கள்.

சுண்டினாள்.

சுண்டினாள் என்பதே பெரிய வார்த்தை. தொட்டாள். ஸ்ட்ரைக்கர் மெதுவாகப் போய் ஒரு கறுப்புக் காயைத் தோளில் தட்டி எழுப்புகிற மாதிரி தட்டியது. காய் நடந்து போனது. ஓடவில்லை, நடந்தது. பாக்கெட்டின் வாயில் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு உள்ளே இறங்கியது.

இன்னொன்று. இன்னொன்று.

மூன்றாவது காய் போனதும் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ... அதற்குப் பிறகு ஒரு காயும் விழவில்லை. ஒவ்வொன்றும் பாக்கெட் விளிம்பில் ஒரு நூல் இடைவெளியில் நின்றது. நான் டமார் டமார் என்று எல்லாவற்றையும் போட்டு ஜெயித்தேன்.

"பாருங்க, எனக்கு எங்க வருது?" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றவன். ஒரு பீஸ் அளவு தப்பினால் அது தப்பு. பத்துப் பீஸும் ஒரே அளவில் தப்பினால்? அது தப்பு இல்லை ஐயா, செட்டிங்!

அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "கேரம் எங்க கத்துக்கின?"

"டிவியில பாத்தேன்."

டிவியில் பார்த்து சமையலே வராது, கேரம் வருமா? ராயக்கோட்டைப் பக்கம் அவள் தம்பி இருக்கிறான். போன் போட்டேன். "உங்க அக்கா சின்ன வயசுல கேரம் ஆடுமா?" என்றேன். "கேரம் போர்டா? எங்க ஊர்ல பசங்களுக்கே கெடையாது மாமா. ஏன், எதுனா சண்டையா?" என்று பயந்துவிட்டான்.

நான் கவனிக்க ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் புதிதாகக் கவனிப்பது ஒரு விசித்திரமான வேலை. வலது ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டியிருக்கிறாள். மற்ற நகங்கள் அப்படியே இருக்கின்றன. இது எத்தனை வருஷமாக? எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு போடுகிற கை. தினமும் பார்க்கிற கை.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடு, மேலே பொதுவான மொட்டைமாடி. ஆறு வீட்டிலும் ஆம்பளைகள் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றி மாற்றி வேலைக்குப் போகிறவர்கள். எந்த நாள் எடுத்தாலும், பகலில் இரண்டு மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மற்ற ஊரில் ராத்திரி எப்படியோ, எங்கள் லைனில் பகல் அப்படி.

காலை எட்டு மணிக்குமேல் மிக்ஸி ஓடாது. துணி துவைக்கிற கல்லில் அடிக்கிற சத்தம் கேட்காது. குக்கர் விசில் மூன்று மணிக்கு முன்னால் கிடையாது. கீரைக்காரர் தெருமுனை வரை கூவிக்கொண்டு வருவார். எங்கள் லைன் வந்ததும் வாயை மூடிக்கொண்டு மிஸ்டு கால் கொடுப்பார். இதெல்லாம் எழுதி வைத்த சட்டம் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது.

அந்தக் கேரம் ஞாயிறுக்கு நாலைந்து மாதம் முன்பு, எனக்குக் கண்ணாடியும் பிரஷரும் வந்துவிட்டதால், கம்பெனியில் லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். இனி ராத்திரி வேலை இல்லை. காலை எட்டரைக்குப் போனால் சாயந்திரம் ஐந்தரைக்கு வீடு. கம்பெனி நடக்கிற தூரம்தான். "இனிமே மத்தியானம் வீட்டுக்கே வந்து சாப்பிடறேன், சூடா சாப்பிட்டு எத்தினி வருஷமாச்சு" என்றேன்.

மஞ்சுளா, "சரிங்க" என்றாள்.

அந்த 'சரிங்க' கொஞ்சம் மெதுவாக வந்தது. சந்தோஷத்தில் அப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு நான் வருவேன். சுடச்சுட ரசம், அப்பளம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கும் எவ்வளவு திருப்தி... என்றெல்லாம் மனதுக்குள் ஒரே பெருமை.

கேரம் ஆடிய ஞாயிறு போய், நாலாவது நாள். வியாழக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவினேன். மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் சட்டை ஞாபகம் வந்தது.

"நான் எடுத்தாரேன், நீங்க இருங்க" என்று மஞ்சுளா அவசரமாக எழுந்தாள். கையில் ரசச் சட்டி. அதை வைத்துவிட்டு வருவதற்குள் நான் பாதிப் படி ஏறிவிட்டேன்.

மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு உண்டு. அதன் நிழலில் நாலாக மடித்த ஒரு பழைய மெத்தை. மெத்தைமேல் கேரம் போர்டு. சுற்றி மூன்று பெண்கள். அடுத்த வீட்டு பத்மாக்கா, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த கலா, ஆனேக்கல் ரேணுகா.

மூன்று பக்கம் ஆள். நாலாவது பக்கம் காலி.

காலியான பக்கத்தில் ஒரு பலகை மணை மட்டும் போட்டிருந்தது. எங்கள் வீட்டு மணை. நாலைந்து மாதமாக அதைக் காணோம் என்று நான்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பத்மாக்கா உதட்டில் விரலை வைத்தார். கையால் கீழே காட்டினார். அந்தச் சாய்ப்புக்கு நேர் கீழேதான் அவர் வீடு. அந்த வாரம் அவர் கணவர் முனிராஜண்ணனுக்கு நைட் ஷிஃப்ட். தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்களாண்ணா?" என்றார் கிசுகிசுப்பாக. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் எனக்கு அண்ணா பட்டம்தான்.

"இது... எப்பலேர்ந்து?"

"ஒம்போது வருசம்."

ஒன்பது வருஷம்! நான் இதே மாடிக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு நாள், ஒரு சின்ன 'டக்' கூடக் கேட்டதில்லை.

"சத்தம் கேட்டா தூக்கம் கெடுமுன்னு ஒரு வேலையும் செய்யக்கூடாது. மிக்ஸி கூடாது, துணி கூடாது, பாத்திரம் கூடாது. பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சும்னே உக்காந்து செவுத்தப் பாக்கணும். அப்போ கலா வீட்ல இந்த போர்டு சும்னே கெடந்துச்சு" என்றார் பத்மாக்கா.

"சத்தமில்லாம கேரம் எப்படிங்க ஆடறது?" எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

கலா போர்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நாலு பாக்கெட்டிலும் வலைக்குப் பதில் சாக்ஸ். கம்பெனியில் சேஃப்டி ஷூவோடு கொடுக்கிற சாம்பல் கலர் சாக்ஸ். ஒற்றை ஒற்றையாக ஏன் தொலைகிறது என்று ஆறு வீட்டு ஆம்பளைகளும் வருஷக்கணக்காகப் புலம்பியிருக்கிறோம்.

"சட்டத்துல ஸ்ட்ரைக்கர் பட்டு சத்தம் வந்தா ஃபைன்ணே. போட்ட காயில ஒண்ணைத் திரும்ப வைக்கணும்" என்றார் கலா. "மொத அடியில சிதற விடக் கூடாது. தொட்டுத் தொட்டுத்தான் பிரிக்கணும். மஞ்சுளாக்காதான் எங்கள்லயே நல்லா ஆடும். ஒம்பது வருசத்துல அது ஃபைன் கட்டுனது நாலு தடவையோ அஞ்சு தடவையோ."

அப்போதுதான் ரேணுகா சொன்னார். அவர் தமிழ் பாதி, கன்னடம் பாதி. "நாலாவது வூட்டுக்கு புதுசா பொண்ணு வந்துக்குதல்லா... சோமவாரத்திலிருந்து அவளைச் சேத்துக்கறோம். மூணு பேரு ஆடறது சரி வராது."

"மஞ்சுளா?"

"அவங்கதான் சேத்துக்கோங்கன்னு சொன்னாங்க. மணையும் அந்தப் பொண்ணுக்கே வச்சுக்கோங்கன்னுட்டாங்க."

சோமவாரம் என்றால் திங்கள். இன்னும் நாலு நாள். ஒன்பது வருஷமாக உட்கார்ந்த இடம் போகப் போகிறது. எதற்கு? என் சூடான ரசத்துக்கு. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வெட்டியா நின்னா எப்படிண்ணா? நாலாவது கைய நீங்கதான் கெடுத்தீங்க. இன்னிக்கு நீங்களே உக்காருங்க" என்று பத்மாக்கா மணையைக் காட்டினார்.

எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. மூன்று பெண்கள். ஓடிவிடலாம். ஆனால் கை அரிக்கிறதே... உட்கார்ந்தேன்.

ரேணுகா, "மெல்லகே" என்றார். பத்மாக்கா தெலுங்கில், "மெல்லகா" என்றார். கலா, "மெல்ல" என்றார். மூன்று பாஷையிலும் எனக்கு ஒரே எச்சரிக்கை.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சுளா செய்த மாதிரியே தொட்டு அனுப்பப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது. கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாவது முறை, மூலையில் ஒரு வெள்ளைக் காய் 'வா வா' என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. விரல் பழைய புத்தியைக் காட்டிவிட்டது.

டமார்!

காய் சட்டத்தில் மோதி, எகிறி, சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு... அந்த உருளுகிற சத்தம் நிற்கிறதாகவே இல்லை.

கீழே கட்டில் கிறீச்சிட்டது. "எவன்டா அது மேல?" முனிராஜண்ணனின் குரல்.

மூன்று பேரும் கல்லாகிவிட்டார்கள். பத்மாக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்த முகம் வெளுத்துவிட்டது. முனிராஜண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து படுப்பவர். மேலே ஆட்டம் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் வராத தூக்கத்துக்கெல்லாம் இந்தப் போர்டுதான் காரணமாகும். இந்த இரண்டு மணி நேரம் முடிந்துபோகும். மஞ்சுளாவுக்கு மட்டும் இல்லை, நாலு பேருக்கும்.

யாராவது பதில் சொல்ல வேண்டும். பெண் குரல் கேட்டால், இந்நேரத்தில் மேலே என்ன வேலை என்று அவர் படியேறி வந்துவிடுவார்.

நான் வாய் திறந்தேன். "நான்தாண்ணே!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"நீயா? என்னாப்பா பண்ற?"

"டேங்க்ல தண்ணி பாக்க வந்தேண்ணே. மூடி கைதவறி வுழுந்துடுச்சு."

"தண்ணி கீதா?"

"ரொம்பி இருக்குதுண்ணே. நீங்க படுங்க."

கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது. அப்புறம் அமைதி. பத்மாக்கா நீளமாக மூச்சு விட்டார். என்னைப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஃபைன்" என்றார். "ஒரு காய் வைங்க."

என்னிடம் வைக்கக் காயே இல்லை. ஒன்றுமே போடவில்லையே!

சட்டையை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மஞ்சுளா தட்டுகளைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். கம்பெனிக்குப் போய்விட்டேன். ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட், நட்டு எண்ணும்போதெல்லாம் அந்தக் காலி மணைதான் கண்ணில் நின்றது. என்ன சொல்வது? 'உன் மேல ஆசையா வந்தேன், நீ ஆட்டத்துக்குப் போ' என்றா? இதெல்லாம் எனக்குச் சொல்ல வருமா?

சாயந்திரம் டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"நாளையிலேர்ந்து எனக்கு டப்பா கட்டிடு. ஸ்டோர்ல வேலை ஜாஸ்தியாயிடுச்சு. மத்தியானம் வர முடியாது."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "பொய்" என்றாள்.

"பொய் எதுக்குச் சொல்றேன்?"

"உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுங்க. யாரு சொன்னாங்க, பத்மாக்காவா?"

"யாரும் சொல்லல. நானே போய் ஆடினேன்."

"ஐயோ!" டம்ளரை வைத்துவிட்டாள். "அந்த டமார் நீங்கதானா? நான் டேங்க் மூடிதான் வுழுந்துச்சுன்னு நெனச்சேன்."

"அப்படித்தான் முனிராஜண்ணன் கிட்டயும் சொல்லி வச்சேன்."

"நீங்களா? சத்தமாவா?" என்று கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் ஆள் தூங்குகிறார் என்ற பழக்கத்தில், சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. நான் தூங்கிய பகல்களில் எல்லாம் இவள் இப்படித்தான் சிரித்திருப்பாள் போல.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எத்தினி ஆசையா சூடா சாப்பிடறேன்னு வந்தீங்க. அதை எப்படிங்க வாணாம்னு சொல்றது?"

"இத்தினி வருசமா?"

"அது... அது எங்களுது" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் இல்லை. யோசித்துப் பார்த்தால், நான் ஷெட்டில் ஆடியதைப் பற்றி அவளிடம் எப்போதாவது விளக்கம் சொல்லியிருக்கிறேனா?

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் வேணும்னே தோத்த?"

"நான் தெனமும் ஆடினவ. நீங்க பாவம், வாரத்துக்கு ஒரு நாள் ஆடறீங்க. கெலிக்கட்டுமேன்னு வுட்டேன்."

டமார் அண்ணனுக்கு இது தேவைதான்.

மறுநாள் காலை டப்பா தயாராக இருந்தது. பத்மாக்காவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனேன். என் ஆயுளில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்த மணை... மஞ்சுளாவுக்கே இருக்கட்டும்" என்றேன். "புதுப் பொண்ணை அஞ்சாவதா வச்சுக்கலாம்ணா, யாருக்காச்சும் காய்ச்சல்னா ஆள் வேணுமே" என்றார். ஏற்கெனவே எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருக்கிறார்!

இப்போது மத்தியானம் ஸ்டோரில் உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாடு சாப்பிடுகிறேன். ரசம் ஆறினால் அவ்வளவு நன்றாக இருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் மஞ்சுளா நான் கேட்காமலே ஆரம்பிக்கிறாள். "இன்னிக்கு ரேணுகா செவப்புக் காயைப் போட்டுட்டு, கூடவே போட வேண்டிய ஃபாலோ காயைப் போட முடியாம முழிச்சா பாருங்க..." காய் எங்கே நின்றது, யாருக்கு ஃபைன், யார் சண்டை பிடித்தார்கள், எல்லாம் வருகிறது. டீ ஆறுகிறவரை பேசுகிறாள். பகலில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷம் நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதலாமா என்று நாலு பேரிடமும் கேட்டு, அனுமதி வாங்கத்தான் இவ்வளவு நாள் ஆனது. கடைசியாகச் சம்மதித்தவர் பத்மாக்கா.

"எங்க வூட்டுக்காரரு படிச்சுட்டா?" என்று கேட்டார். "பேரெல்லாம் மாத்திடறேங்க" என்றேன். "பேரை மாத்தினா போதுமா? மாடி, டேங்கு, நைட் ஷிஃப்டு எல்லாம் அப்படியே இருக்குமே?" என்றார். ஓசூரில் இந்த மூன்றும் இல்லாத லைன் வீடு எது என்று கேட்டேன். யோசித்தார். "அதும் நெசம்தான்" என்று விட்டுவிட்டார்.

ஆகவே, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இதைப் படிக்கிற அண்ணன் தம்பிகளே, இன்றைக்குப் படுத்ததும் மேலே காது கொடுத்துக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரு சத்தமும் வராது. நிம்மதியாகத் தூங்குங்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.